கடைசி இனிங்ஸ் அன்ரன் அண்ணை

அன்ரன் அண்ணை போய்விட்டார். காலையில் மெட்ரோவில் நிற்கும்போது அவர் மனைவி ரெஜினா அக்காவின் மெசேஜ்... இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன்.

பேஸ்போல் தெரியாத நண்பர்களுக்கு: அவர் ரிலீஃப் பிட்சர். முதலில் பந்து எறிகிறவன் களைத்து, ரீம், அதாவது அணி, வசமாக மாட்டிக்கொண்ட பிறகு உள்ளே அனுப்பப்படுகிற ஆள். வென்றால் பெயர் மற்றவனுக்கு, தோற்றால் பேச்சு இவருக்கு.

மன்னாரில் கிரிக்கெட் பந்து போட்ட கை. இங்கே, புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், இருபது வருடத்துக்கு மேல் ஞாயிறு லீக்கில்... பியர்பொன்ட்ஸ், லாசால் என்று பேட்டை பேட்டையாக ஒரு ரீம் கழற்றிவிட இன்னொன்று எடுக்கும். பழைய ரீம் சட்டைகளால் அக்கா கார் துடைப்பார்.

ஊரிலிருந்து வந்த அவர் மாமனார் ஒருமுறை மாட்ச் பார்க்க வந்தார். அண்ணையை உள்ளே கூப்பிடவேயில்லை, கடைசிவரை ஓரத்து வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். "மருமோன், சும்மா இருக்கிறதுக்கோ இவ்வளவு தூரம் வாறியள்?"

"ஓம் மாமா. ஆக்களுக்குக் கஷ்டம் வந்தாத்தான் என்னைத் தேடுவினம்."

லாசால் ரீமில் நான் அவருக்குக் கட்சர். குந்தியிருந்து அவர் எறிகிற பந்தைப் பிடிக்கிறவன். உள்ளே வந்ததும் எப்போதும் ஒரே கேள்வி. "தம்பி, ஆர் ஆர் நிக்கினம்?"

மைதான மூலைகளில் இருக்கிற பேஸ்களில் எதில் எந்த எதிராளி என்று நான் சொல்ல வேண்டும். எல்லாரும் அவர் கண்முன்னால்தான் நிற்பார்கள்... ஆனாலும் கேட்பார். பிறகு, "சரி. பந்தைத் தா."

அந்த ஒரு மாட்ச்... இன்றைக்கும் உன் பந்துக்கு அடி விழுந்தால் சட்டையைக் கழற்றித் தந்துவிட்டுப் போ என்று கோச் காலையிலேயே அண்ணையிடம் சொல்லிவிட்டார். நாற்பது தாண்டிய ஆளை இனி யார் எடுப்பார்கள்?

கடைசி இனிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னால். மூன்று பேஸிலும் ஆள். அடிக்க நிற்பவன் இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டு ஸ்ட்ரைக் விழுந்தால் ஆட்டம் எங்களுக்கு. அவன் அடித்தால் போச்சு.

அண்ணையை உள்ளே அனுப்பினார்கள், ஓடிப்போய்ப் பந்தைக் கொடுத்தேன். அவர் விரல் நடுங்கியது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"வேகமாப் போடுங்கோ அண்ணை."

"இல்லை, மெதுவாப் போடுறன். நீ பயப்பிடாமக் குந்து."

எனக்கு வந்த கோபம்... மெதுவாகப் போட்டால் பக்கத்து ஆற்றுக்கு அப்பால் அடிப்பானே மனுசன். பந்து வருகிறது, வருகிறது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவன் அவசரப்பட்டு, பந்து வருமுன்னே மட்டையைச் சுழற்றிவிட்டான். பந்து என் கையுறைக்குள்.

அடுத்த வருடம் கோச் ஒரு இளசை எடுத்துக்கொண்டார். அண்ணை மெட்ரோவின் மஞ்சள் லைனில் ஏறி லொங்குய்ய் ரீமுக்குப் போனார். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நான் நன்றாகவே சொன்னேன்.

போன கிழமை அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் மூடியிருந்தார். என் குரல் கேட்டதும் உதடு அசைந்தது.

"தம்பி... ஆர் ஆர் நிக்கினம்?"

அவர் காதருகே குனிந்தேன். "அக்கா நிக்கிறா. பிள்ளையள் ரெண்டு பேரும் நிக்கினம். நான் நிக்கிறன் அண்ணை."

"சரி. பந்தைத் தா."

பந்துக்கு எங்கே போவேன்... சாப்பாட்டுத் தட்டில் இருந்த ஆரஞ்சுத் தோடம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். இரண்டு விரலை மேலே வைத்து, பழைய மாதிரியே பிடித்தார்.

கை நடுங்கவில்லை.

ஊரில் வழியனுப்புகிற மாதிரியே... போட்டு வாங்கோ அண்ணை.