பூஜை அலமாரியில் ஹங்கேரி ராஜா

ஹங்கேரியில் கார் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த என் மகன், முதல் லீவுக்கு வந்தபோது ஒரு வெள்ளிக்காசு கொண்டுவந்தான். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் அந்த நாட்டை ஆண்ட ராஜாவின் நினைவாக இப்போது வெளியிட்டதாம். கிரீடம், தாடி, கையில் வாள். கண்ணாடி மாதிரியான உருண்டை டப்பாவுக்குள் இருந்தது.

"டப்பாவைத் திறக்கவே கூடாதும்மா. கை பட்டா பாழாயிடும்" என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

என் மனைவி கேட்கிற ஆளா? நான் வேலையில் இருந்தபோது, கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே வெள்ளி என்றால் அவளுக்குப் பூஜை அலமாரிதான். ரிட்டயராகிக் கோவில்பதாகையில் சொந்த வீட்டுக்கு வந்தும் மாறவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சி விளக்கோடு, குங்குமச் சிமிழோடு ராஜாவுக்கும் விபூதி போட்டுத் தேய்த்தாள். "இவரும் உங்களை மாதிரியே உம்முன்னு இருக்காரு" என்று எனக்கும் ஒரு குத்து.

வீடியோ காலில் பார்த்த மகன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"வெள்ளி கறுத்தா வீட்டுக்கு ஆகாதுடா. நீயே வந்து பாரு, உன் ராஜா எப்படி மினுக்குறாருன்னு" என்றாள். காசு ஒரு சாக்கு. எதைப் பேசினாலும் எப்போது வருவாய் என்பதில்தான் வந்து நிற்பாள். அவன் தீபாவளிக்கு என்றான். பிறகு பொங்கலுக்கு என்றான்.

மாசியில் ஒரு காலை, கோலம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மகனுக்குக் கிடைத்த விமானம் மூன்றாம் நாள்தான் வந்து சேரும். அதுவரை வைத்திருக்க வேண்டாம் என்று அவனே அழுதுகொண்டு சொன்னான்.

சுமங்கலி என்று பெரிதாகக் குங்குமம் வைத்தார்கள். "நெத்தியில வைக்க ஒரு ரூபா காசு குடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. நான் நேராகப் பூஜை அலமாரிக்குப் போனேன். மகன்தான் இல்லை, அவன் கொடுத்ததாவது அவளோடு போகட்டும்.

சுடுகாட்டில் அந்தக் காசு அங்கே வேலை செய்பவருக்குச் சேர வேண்டியது. அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, நம்மூரு காசு இல்லியே. யாரு குட்தது?"

"மகன். வெளிநாட்டுல இருக்கான்."

"அப்ப நீயே வெச்சுக்க. எனக்கு ஒரு ரூபா குடு, போதும்."

பதினாறாம் நாள் காரியம் முடித்து மகன் திரும்பிப் போனான். இப்போது வீட்டில் நானும் ராஜாவும்தான். இரண்டு பேருமே உம்மென்று இருக்கிறோம். வெள்ளிக்கிழமை வந்தால் விளக்கைத் தேய்க்கிறேன், சிமிழைத் தேய்க்கிறேன். காசை மட்டும் டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

போன வாரம் வீடியோ காலில் மகன் அதைப் பார்த்தான்.

"என்னப்பா, இப்படிக் கறுத்துப் போச்சு? அம்மா மாதிரி கொஞ்சம் விபூதி போட்டுத் தேயுங்களேன்."

"மாட்டேன்டா" என்றேன். "கிரீடத்து இடுக்குல அம்மாவோட நெத்திக் குங்குமம் ஒட்டியிருக்கு."