அங்கம்மாவின் பள்ளமும் ஒரு பாம்புச் சட்டையும்

செட்டிபாளையத்துச் சீனித்தம்பி பதுளைக்குக் கருவாடு விற்கப் போனவர், வெறும் சாக்கோடு ஒரு பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். அவள்தான் அங்கம்மா. வந்திறங்கியதும் சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தோசைக்கல் மாதிரித் தட்டையான மணல்.

"அப்பாடா, மேலயிருந்து விழுறதுக்கு இங்க ஒண்ணுமே இல்ல" என்றாள்.

பாவம், ஆகாயத்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் செங்குத்தாய் வெட்டிவிட்ட மண்மேடு. அடைமழையில் ஊறிக் கிடந்த அந்த மேட்டுக்குப் பக்கத்தில், ரோட்டுக்குக் கல்லுடைக்க ஒருநாள் வெடி வைத்தார்கள். நிலம் குலுங்கியது. மேடு அப்படியே இறங்கி வந்து லயத்தின்மேல் குந்திக்கொண்டது. உள்ளே அம்மாவும் தங்கச்சியும். கொழுந்தெடுக்கப் போயிருந்த அங்கம்மா மட்டும் மிஞ்சினாள்.

அதற்குப் பிறகு மண்குவியல் என்றால் எட்டத்தான் நடப்பாள். வீடு கட்டக் கொட்டிய மணலில் பிள்ளைகள் ஏறினால் கம்போடு ஓடி வருவாள். "மலைக்காரிக்கு மணலே பேய்" என்று ஊர் சிரித்தது.

அடுத்த வீட்டு வளவுச் சீதேவி மட்டும் சிரிக்கவில்லை. கிணற்றடியில் இடம் விட்டதும், தேங்காய்ப்பால் விட்டு மீன் காய்ச்சப் பழக்கியதும், முதன்முதலில் வாய் நிறைய "அக்கா" என்றதும் அவள்தான். போன தங்கச்சி வேறு வாசலால் திரும்பி வந்ததுபோல் இருந்தது அங்கம்மாவுக்கு. நன்றி சொல்ல வாய் வராது. முருங்கைக்காய் பறித்தால் பாதியை வேலிக்கு மேலால் நீட்டுவாள், அவ்வளவுதான்.

தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்டு ஷெல் விழத் தொடங்க, வளவுக்கு வளவு பதுங்குவதற்குப் பங்கர் வெட்டினார்கள். சீதேவியின் புருசன் கோணாமலை மேசன். பங்கருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்த மனிசன் உலகத்திலேயே அவனாகத்தான் இருப்பான். ஈர மணலில் நாலு பக்கச் சுவர்களும் செங்குத்தாய் நெட்டுக்கு நின்றன. தோண்டிய மணலையெல்லாம் விளிம்பிலேயே அரண்போலக் குவித்து, மேலே தென்னங்குற்றி அடுக்கினான்.

அங்கம்மா வெட்டியதோ சட்டிபோலச் சரிந்த அகலப் பள்ளம். மண்ணைச் சுமந்துபோய் வளவின் மூலையில் கொட்டினாள். ஊரில் எல்லோருக்கும் குற்றி தூக்கிக் கொடுத்த கோணாமலை அதையும் மூடிக்கொடுத்தான். கூடவே நக்கலும் கொடுத்தான்.

"என்னகா, மாடு தண்ணி குடிக்கிறதுக்கா?"

"மாடும் உசுருதானே தம்பி. நீங்க அந்தக் குவியலையாச்சும் தள்ளிப் போடுங்க. மணல் காஞ்சா நிக்காது. நெலம் ஒரு ஆட்டு ஆட்டுனா போதும்."

"நான் எடுத்த சுவர் எதுகா விழுந்தது?"

"அது சீமெந்துச் சுவரு."

"இப்ப சீமெந்துக்கு எங்க போறது? தண்ணி தெளிச்சா இறுகிக் கிடக்கும். நீங்க பயப்படாதிங்க."

சீதேவிக்கு நிறைமாதம். அந்த நெட்டுச் சுவர்களுக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்குவதைக் காணும்போதெல்லாம் அங்கம்மாவுக்கு லயம் கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்லிப் பார்த்தாயிற்று. சண்டை பிடித்தும் பார்த்தாயிற்று. கடைசியில் கூரைக் கிடுகுக்குள் கிடந்த பாம்புச் சட்டை ஒன்றை உருவியெடுத்தாள். சீனித்தம்பியின் பச்சை வலைநூலில் முடிந்து, கோணாமலையின் பங்கருக்குள் போட்டாள். நூலின் மறுமுனையை வேலிக்குக் கீழால் இழுத்துத் தன் முருங்கையில் கட்டிக்கொண்டாள்.

அன்று பின்னேரமே, சீனித்தம்பி கருவாடு விற்கப் போயிருந்த நேரம், தூரத்தில் ஷெல் அதிரத் தொடங்கியது. சீதேவி பங்கருக்கு ஓடினாள். அங்கம்மா நூலைச் சுண்டினாள். சீதேவி போட்ட கூச்சலில் ஷெல்லே ஒரு கணம் தயங்கியிருக்கும்.

"பாம்பு! நான் இறங்கமாட்டன்!"

"எங்க பாம்பு? இறங்கு புள்ள!" கோணாமலை கையைப் பிடித்து இழுத்தான்.

"நான் அக்காட பள்ளத்துக்குப் போறன்!"

வேலியை விலக்கிக்கொண்டு அவள் போனாள். அவனும் திட்டித் திட்டிப் பின்னால் வந்தான். மூன்று பேரும் குந்தியதுதான், தோப்புப் பக்கம் ஒன்று விழுந்தது. நிலம் தூக்கிப் போட்டது. சரிவிலிருந்து ஒரு பிடி மணல் உருண்டு வந்து அங்கம்மாவின் பாதத்தைத் தொட்டு நின்றது. அவ்வளவுதான்.

சத்தம் அடங்கி ஏறிப் பார்த்தபோது கோணாமலையின் பங்கர் இல்லை. அதன்மேல் ஷெல் விழவில்லை, ஒரு சன்னம்கூடப் படவில்லை. குலுங்கிய குலுக்கில் குவியல் உள்ளே வழிந்து, சுவர்கள் மடிந்து, பாய் விரித்ததுபோல் மட்டமாய்க் கிடந்தது. குற்றிகள் அதற்குள் பாதி புதைந்து கிடந்தன.

அடுத்த நாள் குற்றிகளை மீட்கத் தோண்டிய கோணாமலையின் மண்வெட்டியில் பாம்புச் சட்டை சிக்கியது. கூடவே பச்சை நூல். நூலைச் சுருட்டிக்கொண்டே வந்தான். வேலியைத் தாண்டினான், முருங்கைக்கு வந்தான். அங்கே அங்கம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, உங்கட பாம்பு."

"தம்பி, கோவிச்சுக்காதீங்க…"

"கோவமா?" பாம்புச் சட்டையை அவள் கையில் வைத்தான். "நீங்க இல்லாட்டி நான் என்ர கையாலயே என்ர பொண்டாட்டி புள்ளயப் புதைச்சிருப்பன்." மண்வெட்டியை நீட்டினான். "புதுசு வெட்டப்போறன். எந்தளவு சரிவு வேணும்? கீறிக் காட்டுங்க. தூக்குக்குண்டைக் கிணத்துக்குள்ள போட்டுட்டன்."

பின்னாலே சீதேவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அது வெறுஞ்சட்டை எண்டு எனக்குத் தெரியும்கா. நூலும் தெரிஞ்சுது."

"பெறகு ஏன் தங்கச்சி அப்படிக் கத்துன?"

"எனக்கும் உள்ள இறங்கப் பயம். இவரிட்டச் சொன்னாக் கேட்பாரா? எனக்கும் ஒரு பாம்பு தேவைப்பட்டுதுகா."

அங்கம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. பாம்புச் சட்டையை உதறி மடித்து, திரும்பவும் கிடுகுக்குள் பத்திரமாகச் செருகி வைத்தாள். பிறகு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, சீதேவியின் கையைப் பிடித்தபடி அடுத்த வளவுக்கு நடந்தாள்.