லைட் எரியுது, படம் வரல

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் முழுசாகச் செத்து வரும் மெஷினால் தொல்லை இல்லை, பாதி உயிரோடு வருவதுதான் வில்லங்கம். சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பவர் சப்ளையை மாற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். விளக்கு எரிந்து, ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுப்பாகவே நின்றால் அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான். ஆசை ஆசையாகப் பாகங்களை வாங்கி, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நீங்களே பூட்டி, கடைசியில் அந்தக் கறுப்புத் திரை முன்னால் நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் பஷீர் பாயும் கடை வைத்திருக்கிறோம். சாலிடரிங் வேலை அவருடையது. பூட்டுவது, பிரிப்பது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது எல்லாம் என்னுடையது. ஒரு பெண் ஸ்க்ரூடிரைவரோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, ரிப்பேர் பார்க்கும் சார் எங்கே என்று பாயிடம் கேட்பவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பாய் என் பக்கம் கையைக் காட்டுவார்.

மிச்சமான ஒயர்

வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிபோன ஒரு அரசு ஊழியர், வீடியோ பார்த்தே ஒரு மெஷினைப் பூட்டியிருந்தார். விளக்கு எரிந்தது, படம் வரவில்லை. அதற்குள் வீட்டில் பெரிய ரகளை. கடையில் பூட்டியதை வாங்கியிருக்கலாமே என்று அவர் மனைவி ஆரம்பித்து, அவருடைய பள்ளிக்கூட மார்க் வரைக்கும் போய்விட்டாராம். மனிதர் சொல்லும்போதே முகம் தொங்கிவிட்டது.

திறந்து பார்த்தேன். பிராசஸருக்கென்று தனியாக ஒரு பவர் ஒயர் போக வேண்டும். அது போகவே இல்லை. பெட்டியின் பின்பக்கத்தில் அந்த ஒயரை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, கல்யாண வீட்டு வெற்றிலைக் கட்டு மாதிரி அழகாக ஒதுக்கி வைத்திருந்தார். இதை ஏன் சொருகவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னார்.

"மெயின் ஒயர்தான் போட்டாச்சே, இது மிச்சம் போலனு நெனச்சி பத்திரமா கட்டி வெச்சிட்டேங்க."

கண்ணை மூடினாலும்

ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பையன், சென்னைக்காரன். வேலை அழுத்தம் தாங்காமல் மன அமைதிக்காக வந்தவன், வந்த இடத்திலும் வீடியோ எடிட்டிங் வேலையை விட முடியாமல் ஒரு மெஷினைப் பூட்டியிருந்தான். மானிட்டர் ஒயரை டிஸ்ப்ளே கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருந்தான். மாற்றிச் சொருகினேன், படம் வந்துவிட்டது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகம்.

"தியானத்துல கண்ண மூடினாக்கூட இந்தக் கறுப்புத் திரைதான் தெரியுது மேடம்."

சீட் பெல்ட் போட்ட சிபியு

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழுமலை வந்தார். கொஞ்சம் நிலம், வேர்க்கடலை மூட்டை ஏற்றும் லோடு வேன் ஒன்று, ஐம்பதைத் தாண்டிய வயது. வேனின் முன்சீட்டில் போர்வையைச் சுற்றி, சீட் பெல்ட்டும் மாட்டி, ஒரு சிபியுவை உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தார். லைட் எரியுது, படம் வரல என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே என்றார். அந்த முதல் நாள் போய் மூன்று வருடமாகிவிட்டது.

அவர் மகள் ஜெயந்தி பிளஸ் டூ முடித்த லீவில் பூட்டிய மெஷின் அது. சென்னையில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சீட்டும் கிடைத்திருந்தது. சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்க, அந்தப் பெண் சுவிட்சைப் போட்டாள். படம் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் இவர் வார்த்தையை விட்டுவிட்டார். ஒரு பொட்டிய ஒழுங்கா பூட்டத் தெரியல, நீ காலேஜ் போயி இன்னாத்த கிழிக்கப் போற என்று. அதோடு விடாமல் சீட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் காலேஜ் திறந்ததும் செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். அன்று முதல் அப்பாவிடம் பேச்சில்லை. லீவுக்கு வந்தால் அம்மாவோடு பேசிவிட்டுப் போகிறாள். அப்பா சாப்பிட்டாரா என்பதைக்கூட அம்மா மூலமாகத்தான் கேட்கிறாளாம்.

கார்த்திகை தீபத்துக்கு அவள் வரப்போகிறாள். அதற்குள் மெஷினை ஓட வைத்துக் கையில் கொடுத்துவிட்டால் பேசிவிடுவாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வேறு ஒரு கடையில் போர்டு போய்விட்டது என்று சொல்லியும் மனது கேட்காமல் எங்களிடம் கொண்டு வந்திருக்கிறார். நாளைக்குப் போன் பண்ணுகிறேன் என்றேன். வேன் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"அவ எங்க தப்பு பண்ணானு மட்டும் பாத்து சொல்லுங்கம்மா. சின்னப் புள்ளதான, மன்னிச்சிட்டேன்னு சொல்லிடறேன்."

தப்பைத் தேடி

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் பூட்டிய மெஷின்களை இப்போது நினைத்தாலே கூச்சமாக இருக்கும். ஜெயந்தி பூட்டியது அப்படி இல்லை. ஒயர்கள் எல்லாம் பின்பக்கமாக வளைந்து, ஒன்றோடொன்று சிக்காமல் போயிருந்தன. ஒரு ஸ்க்ரூ குறையவில்லை, ஒன்று அதிகமாக முறுக்கப்படவும் இல்லை. பிராசஸர் மேல் சூட்டை இறக்கும் பேஸ்ட் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இருந்தது.

போர்டு மலிவு ரகம். எது கெட்டது என்று காட்டும் குட்டி விளக்குகூட இல்லாதது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கடைப் பாகத்தைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பவர் சப்ளையை மாற்றினேன், டிஸ்ப்ளே கார்டை மாற்றினேன். கறுப்புத் திரை அசையவில்லை. அந்தப் பெண் மேல் தப்பு எதுவும் கிடைத்துவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பதைப்பு. முகம் பார்க்காதவளுக்காக ஏன் அப்படி ஒரு பதைப்பு என்று தெரியவில்லை. பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு பூட்டனதுல தப்பு வேணும்னா நாமதான் ஒண்ணு பண்ணி வெக்கணும் போலக்கீதே."

தண்ணியான சந்தனம்

உள்ளே அங்கங்கே சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. எங்கள் ஊரில் அது ஒரு விஷயமே இல்லை. ஆயுத பூஜை முடிந்து வரும் மெஷின்களில் பாதி நெற்றியில் பொட்டோடுதான் வரும். துடைத்துவிட்டு வேலையை ஆரம்பிப்போம். அதனால் இதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெமரி அட்டையைக் கழற்றும்போதுதான் கை நின்றது. அதன் மேல் விளிம்பில் ஒரு பெரிய பொட்டு. அங்கிருந்து சந்தனம் வழிந்து, ஸ்லாட்டுக்குள் உட்காரும் தங்க நிறப் பற்கள் மேல் இறங்கி, பொருக்காகக் காய்ந்திருந்தது. ஸ்லாட்டுக்குள்ளும் அதே மஞ்சள்.

பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். ஸ்லாட்டைப் பாய் பிரஷ்ஷால் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். திரும்பச் சொருகி சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. வழக்கமாக அந்த நிமிடம் யாராவது ஒருவர் டீ சொல்லுவோம். அன்றைக்கு டீ வரவில்லை. பாய் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஸ்லாட்டு மோசம்னு சொல்லிடும்மா. பொட்டு வெச்ச கை யாருதுனு கேக்காத."

நான் கேட்டுவிட்டேன்

ஏழுமலை மறுநாளே வந்தார். திரையில் எழுத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்கா மெஷினுக்கா தெரியவில்லை. பாய் சொன்னபடி சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. பூஜை யார் பண்ணியது என்று கேட்டுவிட்டேன்.

அவர் சந்தோஷமாக ஆரம்பித்தார். வேனோ மோட்டாரோ, புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டாமல் அவர் வீட்டில் சுவிட்சு போடுவதில்லை. அன்றைக்குப் பூஜைக்காக மகள் குளிக்கப் போயிருந்தாள். பெட்டியின் பக்கக் கதவு திறந்திருந்தது. வெளியே மட்டும் வைத்தால் போதுமா, உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் அவள் கையால் பூட்டியதாயிற்றே என்று, கைக்கு எட்டியதற்கெல்லாம் ஒன்று விடாமல் பொட்டு வைத்திருக்கிறார். சந்தனம் கொஞ்சம் தண்ணியாகப் போய்விட்டதாம். அவள் வருவதற்குள் கதவையும் அவரே மூடிவிட்டாராம். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், மேஜையில் நான் தேய்த்துப் போட்ட மஞ்சள் துகளைப் பார்த்தார். ஒரு துகளை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

நான் மறைக்கவில்லை. காய்ந்த சந்தனம் எங்கே இருந்தது என்று காட்டினேன். அப்படியானால் அவள் பண்ணிய தப்பு என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றேன். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பாய் கொண்டு வந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. கடைசியில், தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

"கடக்காரன் குடுத்த சாமானே மட்டம்னு அவகிட்ட நீங்க சொல்லிடறீங்களாம்மா?"

ஜெயந்தி

தீபத்துக்கு ஊரில் கூட்டம் சேர ஆரம்பித்த ஒரு காலை, ஜெயந்தி வந்தாள். ஒல்லியான பெண், விரல் நுனிகளில் ஷூவுக்கு ஒட்டும் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. ஏழுமலை உள்ளே வரவில்லை. வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் சுவிட்சைப் போட்டேன், படம் வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஏழுமலை சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. வாங்கிய சாமான் மட்டம், உன் மேல் தப்பில்லை என்று ஒப்பித்தேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு சாலிடரிங் கம்பியைத் துடைத்தார்.

அவள் மெஷினை அணைத்தாள், பக்கக் கதவைக் கழற்றினாள், வேறு எதையும் தொடாமல் நேராக மெமரியை எடுத்துப் பற்களைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. திரும்ப வைத்து, இரண்டு பக்கமும் சத்தம் வரும்படி அழுத்தினாள். அன்றைக்கும் படம் வராததும் இதே மாதிரி கதவைத் திறந்தாளாம். சந்தனம் ஈரமாக வழிவதைப் பார்த்துவிட்டுச் சொல்லத் திரும்பியபோதுதான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னாராம். அப்படியே கதவை மூடிவிட்டாளாம். அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். வாசல் பக்கம் திரும்பாமல், ஆனால் வாசலுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. அவரா தெரிஞ்சிக்கட்டும்னு இருந்தேன். காலேஜ் தெறக்கறதுக்குள்ள தெரிஞ்சிக்குவாருனு நெனச்சேன்."

படம் வந்துவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்று வாடிக்கையாளர்களிடம் இத்தனை நாள் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதெல்லாம் அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கிறேன்.