ஏழு பேருக்கு ஒரு டியூப்

யார் எதிரே வந்தாலும் தாட்சாயணியின் பார்வை முதலில் காலுக்குத்தான் போகும்; முகத்துக்கு அப்புறம்தான் ஏறும். சின்ன வயசிலிருந்து கபடி ஆடுகிறவள். ரெய்டு வருகிறவளின் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே பழகிய கண். பெண் பார்க்க வந்த மாமியார், "தலையே நிமிரல, எவ்ளோ அடக்கமான பொண்ணு" என்று மயங்கித்தான் சம்மதித்தாள். கல்யாணத்துக்கு அப்புறமும் ஆட்டத்தை விடவில்லை. பகலில் புத்தூர் மாங்கூழ் கம்பெனியில் வேலை, சாயங்காலம் கபடி. அணிக்கு அவள்தான் கேப்டன்.

போன வருஷம் மழைக்காலத்தில், அணியில் ஆடுகிற சுஷ்மிதாவின் முட்டிக்குப் பின்னால் வட்டமாகச் சிவந்திருந்ததை அந்தக் கண் பார்த்துவிட்டது.

"இன்னாடி இது?"

"கொசு கடிச்சுதுக்கா."

"கொசு இன்னா, காம்பஸ் வெச்சு வட்டம் போட்டுக்கினா கடிக்குது?"

பக்கத்தில் நின்ற ஹரிப்ரியாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தன் இடுப்பிலிருந்த வட்டத்தை அவளே காட்டினாள். "நம்ம டீமுக்கு ஒரே மாதிரி ஜெர்சிதான் இல்லக்கா. படர்தாமரை ஒரே மாதிரி இருக்குது."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அணியில் இருந்தது மூன்று ஜோடி முட்டி உறைதான். ரெய்டு முடித்து வருகிறவள் கழற்றி அடுத்தவளுக்குக் கொடுப்பாள். வியர்வை காய்வதற்குள் அது இன்னொரு காலில் ஏறிவிடும். அரிப்பு வந்ததும் சுஷ்மிதா மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கினாள். தடவினால் அரிப்பு போனது, சிவப்பு மங்கியது. அதனால் டியூபும் கைமாறியது. தடவுவதை நிறுத்தினால் வட்டம் முன்னைவிடப் பெரிதாக வந்தது. கேப்டனுக்குத் தெரிந்தால் ஆடவிடாமல் உட்கார வைத்துவிடுவாள் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் போட்டி. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள். சுஷ்மிதாவை எடுத்துவிடுவார்கள் என்றே எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

"லெக்கின்ஸ் போட்டுக்கினு ஆடிடறேன்க்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"உன்னைப் புடிக்கிற பொண்ணுக்கு ஒட்டிக்கினா?"

"எல்லார் காலையும் பாக்கறியே, உன் காலைப் பாத்தியா?"

தாட்சாயணி முட்டிக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். விரலில் சொரசொரவென்று ஒரு விளிம்பு தட்டுப்பட்டது.

மறுநாள் லீவு போட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா டியூபை வாங்கிக் குப்பையில் போட்டார். அது அரிப்பை அடக்கும், ஆனால் நோயை வளர்த்துவிடும் என்றார். மாத்திரை வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும், ஆறும்வரை உடம்போடு உடம்பு உரசுகிற ஆட்டம் கூடாது. வெளியே வந்ததும் தாட்சாயணி போட்டி நடத்துகிறவருக்குப் போன் போட்டு, அணி வராது என்று சொல்லிவிட்டாள்.

சுஷ்மிதா ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள். "உனக்குக் கல்யாணம் ஆச்சு, வேலை கீது. எனக்கு இது ஒண்ணுதானேக்கா இருந்துது."

தன் துப்பட்டாவைச் சரிசெய்ய வந்த தாட்சாயணியின் கையைத் தள்ளிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி அவர்கள் இல்லாமலே நடந்தது.

இப்போது எல்லாருக்கும் தோல் ஆறிவிட்டது. ஆளுக்கு ஒரு ஜோடி உறை, ஆளுக்கு ஒரு துண்டு. சுஷ்மிதா தினமும் வருகிறாள், முன்னைவிட வேகமாக ஆடுகிறாள். மாநில அணிக்கு அடுத்த தேர்வு எப்போது என்று இன்னும் அறிவிப்பு வரவில்லை. தாட்சாயணியிடம் அவள் ஆட்டத்துக்கு வேண்டியதை மட்டும்தான் பேசுகிறாள்.