நாலாம் நம்பர் பெட்டியின் மங்கல்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாகபூஷணம் என்பவர் வேன் கம்பெனி ஒன்று நடத்திவந்தார். திருப்பதிக்குச் சாமி பார்க்கப் போகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். வெளிநாட்டுச் சாமான்கள் தடையில்லாமல் வந்து இறங்கத் தொடங்கிய தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஊரில் ஆளுக்கொரு ஆசை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடைக்காரர் பெரிய கலர் டிவி வாங்கினார். நாகபூஷணத்துக்கு வயர்லெஸ் பித்து. எந்த நாட்டிலோ ஒரு டாக்ஸி கம்பெனி கழித்துக்கட்டிய பழைய பெட்டிகளை மெட்ராசில் மொத்தமாக வாங்கி, லைசென்ஸும் எடுத்து, வேனுக்கு ஒன்றாக மாட்டிவிட்டார். இனிமேல் தன் டிரைவர்கள் எந்த டீக்கடையில் நிற்கிறார்கள் என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும் என்று நம்பினார். பாவம், நல்ல மனிதர்.

பெட்டிகள் பேசின, கேட்டன. முகம்தான் மங்கிக் கிடந்தது. சேனல் நம்பரைக் காட்டும் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பல்புகள் வயசாகிக் கறுத்துப்போயிருந்தன. சித்தூர் ஆபீசுக்கு ஒரு சேனல், திருப்பதி ஆபீசுக்கு இன்னொரு சேனல். நடுவழியில் பாகாலா என்கிற ஊரைத் தாண்டியதும் மாற்றிக்கொள்ள வேண்டும். நம்பர் தெரியாவிட்டால் எதில் இருக்கிறோம் என்பதே தெரியாது. டிரைவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மாமியார் வீட்டில் கறிச்சோறு சாப்பிடப் போனவனும், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் குறட்டை விட்டவனும், முதலாளி கேட்டால் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். டிஸ்ப்ளே டல்லாக இருக்கிறது, நம்பர் தெரியவில்லை, வேறு சேனலில் இருந்துவிட்டேன். பொய் சொல்வதற்கு இவ்வளவு வசதி செய்துகொடுத்த சாமான் அந்த ஊருக்கு அதற்கு முன் வந்ததில்லை.

இந்தச் சுகவாழ்வுக்கு முடிவு கட்ட வந்தவள் சந்தியா. குடிபாலா பக்கத்துப் பெண். அவளைப் பெற்றவர்கள் கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறவர்கள். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்துப் படித்தாள்; வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் ஆண்பிள்ளைகள். அதனால் அவளுக்கு வெட்கம் வரவில்லை, வாய் வந்தது. ரிப்பேருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நாகபூஷணம், வேறு யாரும் கிடைக்காமல்தான் அவளை வேலைக்கு வைத்தார்.

அவள் செய்த வேலை பெரிய மாயமில்லை. பெட்டியின் முகப்பில் இருக்கும் திருகாணிகளைக் கழற்றுவாள். கறுத்த பல்புகளைப் பிடுங்கிவிட்டு, கல்யாண வீட்டுச் சீரியல் செட்டில் இருக்கிற சின்ன பல்புகளை இரண்டிரண்டாகக் கோர்த்து வைப்பாள். கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பட்டையை ஸ்பிரிட்டில் துடைப்பாள். அதில் அழுக்கு ஏறினால் எட்டு மூன்றாகத் தெரியும். பழுப்பேறிய தாளைத் தூக்கியெறிந்து புது வெள்ளைத் தாள் வைத்து மூடினால் தீர்ந்தது. நட்ட நடு வெயிலிலும் நம்பர் பளிச்சென்று தெரியும்.

ஒவ்வொரு பெட்டியாக வெளிச்சம் ஏற ஏற ஒவ்வொரு டிரைவராக முகம் இருண்டது. ஜெயச்சந்திரன் என்கிற மூத்த டிரைவர் அவளிடமே வந்து, என் பெட்டியை மட்டும் விட்டுவிடம்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் அன்றைக்கே அதைக் கழற்றி இன்னும் ஒரு ஜோடி பல்பு சேர்த்துப் போட்டாள்.

நாலாம் நம்பர் வேனின் டிரைவர் தமிழரசு மட்டும் வருத்தப்படவில்லை. அவன் பெட்டி ரிப்பேர் முடிந்து போன ஒரே வாரத்தில் மறுபடி மங்கியது. சரிசெய்து கொடுத்தாள், திரும்பவும் மங்கியது. பல்பு ஒயரை யாரோ நகத்தால் கிள்ளியிருந்தார்கள். அடுத்த தடவை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, அவள் திருகாணியைத் தொடவே இல்லை. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போ, கம்பெனிச் சாமானை நாசம் செய்யாதே என்றாள். அவனுக்குக் காது வரைக்கும் சிவந்துபோனது. அடுத்த வைகாசியில் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்தில் டிரைவர்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்கள். பெண்டாட்டி ஆனபிறகாவது ரிப்பேரை விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அவள் மூன்றாம் நாளே ஸ்க்ரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தாள்.

அந்தச் சமயம் ஊரில் இன்னொரு ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. குவைத். வண்டி ஓட்டத் தெரிந்தவன், ஆடு மேய்க்கத் தெரிந்தவன், ஒன்றுமே தெரியாதவன் எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். போனவன் வீட்டில் மாடி எழும்பியது. போகாதவனைக் கல்யாண வீடுகளில் ஒரு தினுசாகப் பார்த்து, நீ இன்னும் இங்கேதான் இருக்கியா என்று கேட்டார்கள். தமிழரசுவின் தங்கை புருஷன் போனான், சித்தப்பா மகன் போனான். சந்தியாவிடம் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் அவள் சிரித்துக்கொண்டே, இவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்பாள். வாய்த்துடுக்கு அப்படி. இருட்டிய பிறகு அவன் வண்டிச் சத்தம் கேட்காவிட்டால் சோற்றில் கை வைக்க மாட்டாள். அதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வான் என்று ஒரு கர்வம்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்து, ஒரு ஐப்பசியில் நாலாம் நம்பர் பெட்டி மறுபடி மங்கியது.

டல்லாக இருக்கிறது பார் என்று பெட்டியை அவள் மேஜையில் வைத்துவிட்டு, மாற்றுப் பெட்டியை மாட்டிக்கொண்டு அவன் திருப்பதிக்குக் கிளம்பிவிட்டான். முகத்தைப் பார்க்காமல் போனதை அவள் கவனிக்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது. இரண்டு வருஷமான பிறகும் இந்தக் கிறுக்குப் போகவில்லையே என்று சிரித்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினாள்.

பல்புகள் நன்றாகவே எரிந்தன. ஒயர் கிள்ளப்படவில்லை. கண்ணாடிக்கு முன்னால், முகப்புக்கு அடியில், அளவாக வெட்டிய கறுப்புத் தகடு ஒன்று செருகியிருந்தது. வழவழப்பாக இருந்தது. எக்ஸ்ரே படம்.

அவளுக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. கை உடைந்தவனும் கால் உடைந்தவனும் புத்தூருக்குக் கட்டுப்போடப் போகிற ஊர். எக்ஸ்ரே படத்துக்கா பஞ்சம்? எந்தப் பயணி வண்டியில் விட்டுப் போனதோ என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கையும் இல்லை, காலும் இல்லை. வளைந்து வளைந்து வெளுப்பாக விலா எலும்பு. அந்தப் பக்கத்தில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறவன் ஒன்று இருமிக்கொண்டிருப்பான், இல்லையென்றால் விசாவுக்கு மெடிக்கல் போயிருப்பான். இருமுகிற டிரைவர் கம்பெனியில் யாரும் இல்லை. இரண்டு எலும்புக்கு நடுவில் சின்னதாக, சுத்த வெள்ளையாக, ஒரு வேல் தெரிந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. அது திருத்தணியில் அவள் வாங்கி, அவள் கையால் அவன் கழுத்தில் மாட்டிய டாலர். படம் எடுக்கும்போது சங்கிலியைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள். அது முருகனாச்சே, கழற்றலாமா என்று சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நின்றிருப்பான். படம் கெட்டு, வேறு எடுத்திருப்பார்கள். போன மாசம் புத்தூர் சவாரி என்று சொல்லிவிட்டு ஒரு பகல் முழுக்கச் சேனலில் அகப்படாமல் போனானே, அன்றைக்கு மெட்ராசில் குவைத் மெடிக்கலுக்குப் போய் நின்றிருக்கிறான் என்று புரிந்தது.

அவள் அழவில்லை. எழுந்து போய் ஆபீஸ் மைக்கை எடுத்தாள். அவன் இன்னும் பாகாலாவைத் தாண்டியிருக்க மாட்டான்.

"நாலாம் நம்பர். உன் நெஞ்சு எக்ஸ்ரே என் கையில கீது. சவாரிய எறக்கிட்டு நேரா இங்க வா."

சித்தூர் சேனலில் ஓடிக்கொண்டிருந்த எல்லா வண்டியிலும் அது கேட்டது. நம்பர் தெரியவில்லை என்று தமிழரசு சொல்ல முடியாது. மாற்றுப் பெட்டியின் டிஸ்ப்ளேயில் இருப்பது அவளே போட்ட வெளிச்சம். சரி என்று மட்டும் அவன் குரல் வந்தது. ரூமுக்குள் இருந்த நாகபூஷணம் வெளியே எட்டிப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெயில் சாயுமுன் அவன் வந்து சேர்ந்தான். அதற்குள் மற்ற டிரைவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் வாசலில் நின்று, டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயச்சந்திரன் ஒரே டயரைத் திரும்பத் திரும்ப உதைத்தார்.

சந்தியா கேட்டதற்கெல்லாம் அவன் ஒளிக்காமல் பதில் சொன்னான். மெடிக்கல் பாஸாகிவிட்டது. விசா வந்துவிட்டது. அடுத்த மாசம் டிக்கெட். ஏஜெண்ட்டுக்குத் தெரியும், ஜெயச்சந்திரனுக்கும் தெரியும். வாசலில் டயர் உதைக்கும் சத்தம் சட்டென்று நின்றது. கெட்டுப்போன படத்தைக் கிரகணம் பார்க்க ஆகும் என்று கேட்டு வாங்கி வந்ததையும் சொன்னான். ஜெயச்சந்திரனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பதுதான் அவளை அறைந்த மாதிரி இருந்தது.

"போவாதன்னு கத்துவேன்னு பயந்து மறைச்சியா?"

அவன் தலையை ஆட்டினான். "இல்லமே. போன்னு சொல்லிடுவியோன்னு பயந்துகினு இருந்தேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். எல்லாரும் போகிறார்களே என்று பாஸ்போர்ட் கொடுத்தான். அது தானாகவே விசா வரைக்கும் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் அவளிடம் சொல்லலாம் என்று வருவான். வந்தால் அவள் யாரிடமாவது இவரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

"அதுக்காவ எக்ஸ்ரேவ வெட்டி இதுல வெப்பியா?"

"நீ தவுர வேற யாரு இந்தப் பெட்டியத் தொறப்பா? வாய் வரல. நீயே பாத்துக்கினு கேப்பேன்னு வெச்சேன்."

இது நிஜமா, மாட்டிக்கொண்ட டிரைவர் அந்த நேரத்துக்குக் கட்டிய கதையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்தக் கம்பெனியில் எல்லாப் பொய்யையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் அவள். இவன் முகத்தில் மட்டும் அன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திட்டுவதற்கு மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன, ஒன்றும் உபயோகப்படவில்லை. பொய்யனோடு சண்டை போடத் தயாராக இருந்தாள். இப்படி ஒருத்தன் வந்து நிற்பான் என்று எதிர்பார்க்கவில்லை. போ என்றால் போய்விடுவான். சரிதான் போயா என்று வழக்கம்போல வாய் துடித்தது.

அவள் மைக் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தாள். நாளைக்குச் சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று தெரிந்தது.

"போவாதயா," என்றாள். "நீ இல்லாம எனக்குச் சோறு எறங்காது."

தமிழரசு வேறொன்றும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். அன்றைக்கு அவனுக்கு இன்னொரு சவாரி இருந்தது. அதை ஜெயச்சந்திரன், யாரும் சொல்லாமலே, தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.