அக்காவுக்கு அனுப்பிய வேப்பம்பூ

வேப்பம்பூ தட்டிய அன்று அம்மா இருந்தார், நான் இருந்தேன், எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் கீழ்வீட்டு அன்ரியும் இருந்தார். அக்கா இருக்கவில்லை. அவள் டோஹாவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மொட்டைமாடியில் இருந்த தேனீப் பெட்டி அவளுடையது. எட்டாம் வகுப்போடு தன் படிப்பை விட்டு என்னைப் படிக்கவைத்தவள் அவள். போகும்போது, "நான் திரும்பி வரேக்க இதுகள் இங்க இருக்கோணும்" என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொரு நாளும் காலையில் வேலை தொடங்கமுன் அங்கிருந்து போன் கோல் எடுப்பாள். நான் போனைப் பெட்டி வாசலில் பிடிப்பேன். ஒரு நிமிடம் அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அந்த வருடம் மாமரங்கள் பூத்து ஓய்ந்திருந்தன. பக்கத்து வளவு முருங்கையைப் புதுக் கட்டடத்துக்காகத் தறித்துவிட்டார்கள். மிஞ்சியது மாடிச்சுவரை எட்டி நின்ற வேம்புதான். பங்குனியில் அது பூத்ததும் தேனீக்கள் பெட்டிக்கும் மரத்துக்குமாக ஓயாமல் போய்வந்தன.

அந்த நேரம் பார்த்து அக்கா, "அம்மா, வேப்பம்பூ வடகம் பொரிச்சுச் சாப்பிடோணும் போல கிடக்கு" என்றாள். அதற்குமேல் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தேனீக்குப் பூக் காணாமப் போகாதோ தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"அது எவ்வளவு தூரமும் பறக்கும் அம்மா. ரயில் பாதை நெடுகத் தென்னை நிக்குது. புத்தகத்தில பார்த்தனான்."

"படிச்ச பிள்ளை சொல்லுது, பிறகென்ன?" என்று அன்ரி பழைய சேலையை மரத்தடியில் விரித்தார். "கொக்கத்தடியை எடும். கம்பஸில மரம் ஏறப் படிப்பிக்கேல்லையோ?"

கொக்கத்தடியால் எட்டிய கொப்பெல்லாம் கொளுவி உலுக்கினேன். அம்மா பூவை உளுந்தோடு குழைத்துத் தட்டி, மூன்று நாள் வெயிலில் காயவைத்தார். பார்சல் போனது.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலை.

"என்னடா, சத்தமே இல்லை? போனைக் கிட்டப் பிடி."

மூடியைத் திறந்தேன். தேன்வதைகள் காய்ந்து கிடந்தன. ஒரு தேனீ இல்லை. இரை குறைந்தால் நம் நாட்டுத் தேனீ கூட்டை விட்டே போய்விடும் என்று அதே புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அன்றுதான் வாசித்தேன்.

"போயிட்டுதுகள் அக்கா. நான்தான் பூவெல்லாம் தட்டினனான்."

"வடகம் வந்திட்டுது. அம்மாட்டச் சொல்லு, நல்லா இருந்ததெண்டு" என்றாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் பேசுகிறாள். முக்கால் கிலோ வடகம். அதற்கு எங்களுக்குப் போனது ஒரு பெட்டித் தேனீயும் அக்காவின் காலைக் கோலும்.