இருபத்தொன்பதும் நாற்பத்தேழும்

முத்துப்பேச்சியின் ஐந்து அசல் சான்றிதழ்களும் அவள் வேலை பார்க்கும் பள்ளியின் அலுவலக பீரோவில் இருந்தன. நான்கு வருடங்களுக்கு முன், எம்.எஸ்ஸி. கணிதமும் பி.எட்.டும் முடித்த கையோடு நத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து திண்டுக்கல்லில் அந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்தபோது, சரிபார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வைத்தார்கள். சரிபார்ப்பு முடியவே இல்லை.

போன வருடம் மதுரைக் கல்லூரி ஒன்று அவளை நேர்முகத்துக்கு அழைத்தது. அசலோடு வரச் சொன்னார்கள். பள்ளித் தாளாளர் பாக்கியராஜிடம் போய்க் கேட்டாள்.

"வருஷ நடுவுல போனா பிள்ளைக கதி என்ன டீச்சர்? மே மாசம் பாத்துக்கிருவோம்."

மே மாதம் வருவதற்குள் கல்லூரியில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். மே வந்ததும் மறுபடி கேட்டதற்கு, அடுத்த மே மாதம் என்றார் பாக்கியராஜ்.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான்சி ஒரு வழி சொன்னாள். "டூப்ளிகேட் போட்டுரலாம்க்கா. தொலைஞ்சு போச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாப் போதும்."

"தொலையலையே நான்சி. ஒனக்குப் பின்னாலதான இருக்கு."

நான்சி பீரோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாவி தாளாளரிடம் இருந்தது.

இந்த வருடம் மாவட்டக் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்பைத் தயார் செய்யும் பொறுப்பு முத்துப்பேச்சிக்கு வந்தது. எண்ணூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில், பைசா நகரில் வாழ்ந்த ஃபிபனாச்சி என்ற கணித அறிஞரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். சுற்றிலும் சுவர் எழுப்பிய இடத்தில் ஒரு ஜோடி முயல். மாதம் ஒரு ஜோடி குட்டி போடுகிறது. குட்டிகளும் இரண்டாம் மாதத்திலிருந்து போடுகின்றன. வருட முடிவில் எத்தனை ஜோடி? அவர் போட்ட கணக்கு அது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதிமூன்று என்று, முந்தைய இரண்டையும் கூட்டக் கூட்ட அடுத்தது வரும்.

"ஒண்ணுகூடத் தப்பிச்சு ஓடாதா மிஸ்?" என்று ஸ்ரீமதி கேட்டாள். வகுப்பு சிரித்தது.

"ஓடாது, சாகாதுன்னு வச்சுக்கிட்டாத்தான் கணக்கு வரும்" என்றாள் முத்துப்பேச்சி. கல்லூரியில் படித்தபோது அந்தச் சுவரை அவள் கவனித்ததே இல்லை. இப்போது கரும்பலகையில் தான் வரைந்த கட்டத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஸ்ரீமதியின் அப்பா சூரியகாந்தி போட்டிருந்தார். பதினொரு பூக்கள் சாக்கில் வந்தன. நடுவிலிருந்து இடமாகவும் வலமாகவும் சுழன்று போகும் விதை வரிசைகளைப் பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து எண்ணினார்கள். பத்துப் பூக்களில் ஒரு பக்கம் முப்பத்துநான்கு, மறுபக்கம் ஐம்பத்தைந்து. இரண்டும் ஃபிபனாச்சி எண்கள். பதினோராவது ஸ்ரீமதியுடையது. இருபத்தொன்பது, நாற்பத்தேழு. மூன்று முறை எண்ணிவிட்டு அழும் நிலைக்கு வந்துவிட்டாள். முத்துப்பேச்சி வாங்கி எண்ணினாள். அதேதான் வந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அது அவளுக்குப் பிடிபட்டது. ஒன்று, இரண்டு என்று தொடங்காமல் ஒன்று, மூன்று என்று தொடங்கினால் நான்கு, ஏழு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தொன்பது, நாற்பத்தேழு. கூட்டுகிற விதி அதேதான். தொடக்கம் மட்டும் வேறு. பக்கத்தில் இருந்த அம்மாளிடம்கூடச் சொல்லிவிடலாம் போல இருந்தது. வெகுநாள் கழித்து வந்த சந்தோஷம்.

மறுநாள் பாக்கியராஜ் பார்வையிட வந்தார். 'எல்லாப் பூவுக்கும் ஒரே கணக்கு' என்று ஃப்ளெக்ஸ் அடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"இந்தப் பதினோராவத எடுத்துருங்க டீச்சர்."

"அதுவும் நெசமா எண்ணுனதுதான் சார். ஏன் மாறுதுன்னு சொல்லிக் குடுத்தாப் பிள்ளைகளே விளக்கும்."

"பாக்க வாரவனுக்கு அம்புட்டு நேரம் இருக்காது." குரலைத் தாழ்த்தினார். "மே மாசம் சர்ட்டிஃபிகேட் வேணும்னு கேட்டீங்கல்ல? செத்த அனுசரிச்சுப் போங்க."

அவள் பூவை எடுத்து மேசைக்கடியில் வைத்தாள்.

"நான் தப்பா எண்ணிட்டேனா மிஸ்?"

தாளாளர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. "இருக்கும்" என்றாள் முத்துப்பேச்சி. ஸ்ரீமதி தலையை ஆட்டிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் முத்துப்பேச்சியின் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருந்தது.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியை பத்துப் பூக்களையும் நிதானமாகப் பார்த்தார். "ஒண்ணாச்சும் மாறி வந்துச்சா?" என்று கேட்டார்.

பிள்ளைகள் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். பாக்கியராஜ் நடுவரின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"வந்துச்சு மேடம்" என்றாள் அவள். "இருபத்தொன்பது, நாற்பத்தேழு. இந்தப் பிள்ளதான் எண்ணுச்சு. சரியா எண்ணுச்சு. நான்தான் எடுத்து வச்சுட்டேன்."

ஸ்ரீமதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பூக்களுக்கு முன்னால் வைத்திருந்த விளக்க அட்டையைத் திருப்பி, ஒன்று, மூன்று என்று முத்துப்பேச்சி சொல்லச் சொல்ல எழுதினாள். நாற்பத்தேழு வந்ததும் பேனாவை மூடினாள். நடுவர் அந்த அட்டையைப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. பாக்கியராஜ் கோப்பையோடு சிரித்தபடி போட்டோவுக்கு நின்றார்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டார். "மே மாசம்னு சொன்னத மறந்துருங்க. நல்ல டீச்சர அம்புட்டு லேசுல விடமாட்டோம்."

அவர் சிரிக்கத்தான் செய்தார்.

அடுத்த திங்கள் அரைநாள் விடுப்பெடுத்து, கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாள். சான்றிதழ்கள் தொலையவில்லை, பள்ளி பீரோவின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன, சாவி தாளாளரிடம் உள்ளது என்று எழுதியிருந்தாள். விளக்கம் கேட்டுப் பள்ளிக்குக் கடிதம் போனது. பதினைந்து நாள் கழித்து நான்சி வகுப்பறைக்கு வந்து ஒரு கவரைக் கொடுத்தாள். உள்ளே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மட்டும் இருந்தது.

"மத்ததுக்கு இன்னும் நாளாகும்னு சொல்லச் சொன்னாருக்கா."

நான்சி நீட்டிய பதிவேட்டில் முத்துப்பேச்சி கையெழுத்துப் போட்டாள். 'ஒன்று பெற்றுக்கொண்டேன், நான்கு பாக்கி' என்று எழுதித் தேதியும் போட்டாள். ஐந்தாம் பீரியட் மணி அடித்தது. எட்டாம் வகுப்புக்குப் பின்னங்கள் எடுக்கப் போனாள்.